காரிலிருந்து கதவு வரை

ஸ்டென்னர் கவுண்டியில் ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ் கார் ஒரு வீட்டு முற்றத்துக்குள் திரும்பினால், ஜன்னலில் நிற்கிறவர்கள் காரைப் பார்க்கமாட்டார்கள். இறங்குகிறவரின் தலையைப் பார்ப்பார்கள். தலை வெறுமையாக இருந்தால் நாய் குரைத்த புகார், வேலி தாண்டிய மாடு, கோர்ட்டுக் காகிதம், இப்படி ஏதாவது ஒன்று. காப்பியை அடுப்பில் ஏற்றிவிட்டு நிதானமாகப் போய்க் கதவைத் திறப்பார்கள். தலையில் அந்தப் பழுப்பு நிற அகல விளிம்புத் தொப்பி இருந்தால், அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள்.

யார் தொடங்கிவைத்த வழக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. மார்லிஸ் ரஸ்டாட் ஷெரீப்புக்குக் கீழே டெப்யூட்டியாகச் சேர்ந்த அன்று அவளுக்குக் கொடுத்த காரின் பக்கத்து இருக்கையில் தொப்பி மல்லாந்து கிடந்தது. போட்டுக்கொள்ள வேண்டுமா என்று அப்போதைய ஷெரீப் ஹால்வர் நெஸ்ஸிடம் கேட்டாள். "அது அங்கயே கெடக்கட்டும். போட வேண்டிய அன்னைக்கு ஒனக்கே தெரியும்" என்றார் அவர். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பனிக்காலத்தில் கம்பளிக் குல்லாய், மற்ற நாளெல்லாம் வெறுந்தலை என்று சுற்றி அவள் மூக்கு வெயிலில் தோலுரிந்து தோலுரிந்து நிறமே மாறிப்போனது. தொப்பியை நாற்பத்தொரு முறை போட்டிருக்கிறாள். நாற்பத்தொரு வீடுகளும் அவளுக்கு நினைவிருக்கின்றன.

செய்தியைச் சொல்வது தன் வாய் இல்லை, தன் கால்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். காரிலிருந்து கதவுவரை இருபது அடியோ முப்பது அடியோ நடக்க வேண்டியிருக்கும். அதற்குள் உள்ளே இருப்பவர் அடுப்பை அணைத்திருப்பார். குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பியிருப்பார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். கதவு திறந்ததும் அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளும்போது பாதி செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். எல்லோரும் கேட்பது ஒரே ஒரு சொல்தான். "யாரு?" அவள் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

போன நவம்பரில் நடந்த ஷெரீப் தேர்தலில் நெஸ் நிற்கவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கர்ட் லெம்கே ஜெயித்தார். நகரத்துப் போலீசில் இருபது வருஷம் இருந்துவிட்டு மனைவியின் ஊர் என்று இங்கே வந்து குடியேறியவர். நல்ல மனிதர்தான். பழுதாகிக் கிடந்த வயர்லெஸ் பெட்டிகளையெல்லாம் மாற்றினார். பனியில் சிக்கிய கார்களைத் தள்ளுவதற்குத் தானே வந்து நின்றார். ஆகஸ்டு கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். பணியில் இருக்கும்போது காரை விட்டு இறங்கினால் தலையில் தொப்பி இருக்க வேண்டும்.

மார்லிஸ் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு அவர் அறைக்குப் போனாள்.

"ஷெரீப், இந்த ஊர்ல அந்தத் தொப்பிக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

சொன்னாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன், டெஸ்மண்ட்னு பேரு. ஒருநாள் சாதா கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ள இருந்தவன் திருடன்னு நெனச்சுச் சுட்டுட்டான். கோர்ட்டுல சுட்டவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். போலீஸ்னு தெரியலன்னான். பொய்யில்ல மார்லிஸ், நெசமாவே அவனுக்குத் தெரியல. இங்க வீட்டுக்கு மூணு துப்பாக்கி இருக்கு. தூரத்துலயே நம்மள அடையாளம் தெரியணும்."

"என்னைத் தெரியாதவங்க இங்க யாரு இருக்கா?"

"ஒன்னைத் தெரியும். நாளைக்குப் புதுசா வேலைக்கு வர்றவனைத் தெரியுமா?"

 அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே அது வெடித்தது. சோல்வெக் லுண்ட் என்கிற எழுபத்தொரு வயது அம்மாளின் நாய் பக்கத்துப் பண்ணைக் கோழிகளைத் துரத்துகிறது என்று புகார். மார்லிஸ் உத்தரவுப்படி தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நான்கு அடி நடப்பதற்குள் வீட்டுக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"மிஸஸ் லுண்ட், நான்தான் மார்லிஸ்."

"போயிடு! சொல்லாத! நீ வாயத் தொறந்து சொல்லாதவரைக்கும் அவன் உசுரோட இருக்கான்!"

அந்த அம்மாளின் மகன் மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான்.

"ஐயோ, நாய் விஷயமா வந்திருக்கேன்! நாய்! ஒங்க நாய் கோழியைத் துரத்துதாம்!"

"பொய் சொல்லாத! நாய்க்கு எதுக்குத் தொப்பி?"

மார்லிஸ் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வீசினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தொப்பியைக் கழற்றுவதுதானே வழக்கத்தின் அடுத்த படி? உள்ளே அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அலறியது தெருமுனைவரை கேட்டது. கடைசியில் மகனையே தொலைபேசியில் பிடித்து, அவன் குரலைக் கதவிடுக்கு வழியாகக் கேட்கவைத்த பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. திறந்தவள் மார்லிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் பார்த்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லியிருந்தாள். மதியத்துக்குள் சோல்வெக் லுண்டின் மேசைமேல் ஐந்து ஹாட்டிஷ் தட்டுகள் வந்து உட்கார்ந்துவிட்டன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்து வெள்ளித்தாளால் மூடிய துக்க வீட்டுத் தட்டுகள், ஆவி பறக்க.

ஐந்தாவது தட்டைக் கொண்டுவந்தவள் கோரின் ப்ரெக்கே. மார்லிஸுக்கு மூன்று வகுப்பு மூத்தவள். சிறுவயதில் இருவரும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். இப்போது தேவாலய அலுவலகத்தில் வாராந்தரத் தாளைத் தட்டச்சு செய்கிறாள். விஷயம் புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, ஒரு நாய்க்காக ஊரையே சமைக்க வச்சிட்டியே!"

"எனக்குச் சிரிப்பு வரல கோரின். அந்தம்மா முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அதான் சிரிக்கிறேன். இல்லன்னா அழுவேன்" என்றாள் கோரின். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன் ஆபீசர்கிட்ட நான் பேசுறேன். இதுக்கு ஒரு வழி பண்ணலாம்" என்றாள்.

லெம்கே மனம் வருந்தித்தான் போனார். மறுநாள் சோல்வெக் லுண்டிடம் மன்னிப்புக் கேட்கப் போய், சாத்திய கதவின் முன்னால் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினார். உத்தரவை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் கோரின் எழுதிய அறிவிப்பு வெளிவந்தது. "ஷெரீப் அலுவலகத்திலிருந்து எல்லாருக்கும்: இனிமேல் டெப்யூட்டிகள் எப்போதும் தொப்பி அணிந்திருப்பார்கள். தொப்பிக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. பயப்படாமல் கதவைத் திறக்கவும். முடிந்தால் காப்பி கொடுக்கவும்." வீட்டுக்கு வீடு அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஐந்து வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மார்லிஸ் தொப்பியோடு இறங்கினால் கையாட்டினார்கள். "மழை வருமா, தொப்பி என்ன சொல்லுது?" என்று கிண்டல் செய்தார்கள். எத்தனையோ காலமாக இருந்த ஒன்று ஐந்தே வாரத்தில் மறைந்துவிட்டதே என்று அவளுக்குத்தான் உள்ளே உறுத்தியது. காரில் ஏறியதும் தொப்பியைக் கழற்றிப் பழையபடி பக்கத்து இருக்கையில் மல்லாத்தி வைப்பாள். அதை மட்டும் மாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை.

அக்டோபரில் பீட் கிழங்கு தோண்டத் தொடங்கினார்கள். அந்தப் பருவம் வந்துவிட்டால் கவுண்டியில் வேறு பேச்சு கிடையாது. மண் உறைவதற்குள் கிழங்கைத் தோண்டிச் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். நான்கு நிமிஷத்துக்கு ஒரு லாரி. ரோடெல்லாம் சேறு.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தது. பதினோராம் ரோட்டு முனை, லாரி கவிழ்ந்திருக்கிறது. பெயர் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். பாதி வீடுகளில் வயர்லெஸ் கேட்கும் பெட்டி இருக்கிறது. முதலில் போய்ச் சேர்ந்தவள் மார்லிஸ். மூன்று நாள் மழையில் ஊறிப்போன ரோட்டோரம் பாரம் தாங்காமல் சரிந்திருந்தது. கிழங்குகள் பள்ளம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. லாரியின் கதவு மட்டும் நீலம். மற்றதெல்லாம் சிவப்பு. வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய கதவு அது. அந்தக் கதவைக் கவுண்டியில் தெரியாதவர்கள் இல்லை.

கோரினின் கணவன் ஆர்லன். மார்லிஸ் சேற்றில் படுத்து, நசுங்கிய ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு இன்னொரு நிமிஷம்.

ஆம்புலன்ஸும் ஊர்த் தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். லெம்கேயும் வந்தார். பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"நான் போறேன், கோரின்கிட்ட" என்றாள் மார்லிஸ்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நீங்க இங்க ரோட்டைப் பாத்துக்குங்க. லாரி ஒண்ணும் நிக்கக் கூடாது."

அதற்குள் இரண்டு லாரிகள் வேகம் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு ஓட்டுநரின் கையிலும் செல்போன். தீயணைப்புக்காரர்களில் ஒருவன் டோபி, கோரினின் சித்தப்பா மகன். அவன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். மார்லிஸ் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

"என் பொண்டாட்டிகிட்ட."

"அவகிட்ட சொல்லு, வாயத் தொறக்கக் கூடாதுன்னு. நீயும் தொறக்காத. அரை மணி நேரம், டோபி. எனக்கு அரை மணி நேரம் குடு."

பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறை அவள் பிந்திவிட்டாள். ஒரு தாய் தன் மகளின் சாவை, யாரோ கைபேசியில் அனுப்பிய அனுதாபச் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டாள். மார்லிஸ் போனபோது அவள் கையில் அந்தத் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்றுவரை கடையில் எதிரே வந்தால் அந்தத் தாய் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுகிறாள். கோரினுக்கு அது நேரக் கூடாது. கோரின் இதைத் தன் வாயிலிருந்து கேட்க வேண்டும், வேறு எதிலிருந்தும் கேட்கக் கூடாது. பதினெட்டு மைல். மார்லிஸ் காரை விரட்டினாள்.

பக்கத்து இருக்கையில் தொப்பி கிடந்தது. மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு. வழியெல்லாம் அவள் அதைப் பார்த்துக்கொண்டே போனாள். போட்டுக்கொண்டு போனால் கோரினுக்கு ஒன்றும் தெரியாது. அவளே எழுதினாளே, அர்த்தம் இல்லை என்று. போடாமல் போனால், போடாததற்குப் பழைய அர்த்தம் இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று பொய் சொன்னதுபோல ஆகிவிடும். எப்படிப் போனாலும் இன்றைக்குக் கால் உதவாது. வாய்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

ப்ரெக்கே வீடு காற்றைத் தடுக்க நட்ட மரங்களுக்குப் பின்னால் தனியாக இருந்தது. சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தபடி. ஜன்னல் திறந்திருந்தது. கோரின் முழங்கைவரை மாவோடு நின்றிருந்தாள். அறுவடைக்காரர்களுக்கு ரொட்டி. கார் நின்றதும் மாவுக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

மார்லிஸ் இறங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டாள். நடந்தாள்.

"வாடி வா, அண்டாவைக் கவுத்துக்கிட்டு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் கோரின். "ஒங்க ஷெரீப் ஒன்னைத் தூங்கும்போதாவது அதைக் கழட்ட விடுறாரா?"

நாற்பத்தொரு முறை அந்த நடையை நடந்தபோது எதிரே இருந்த எந்த முகமும் சிரித்ததில்லை. மார்லிஸுக்குக் கால் தடுமாறியது. ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். முற்றத்தின் நடுவில் நின்று கத்திச் சொல்கிற விஷயமா அது? மூடிக்கொண்டு நடந்தாள்.

கதவு தாழிடப்படவில்லை. உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். கோரின் அதைப் பார்க்கவில்லை. அவள் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒக்காரு. நான் பதினாலு பேருக்குச் சோறு போடணும், பேசிக்கிட்டே வேலை செய்றேன். ஒன் பூட்ஸ் என்ன இவ்வளவு சேறா இருக்கு? சரி விடு, தரை ஏற்கெனவே நாசம்தான்."

"கோரின்."

"பாரு, நல்லவேளை நீ வந்த. இவன் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துட்டுப் போயிட்டான்." மேசைமேல் இருந்த தகரப் பெட்டியை எடுத்து மார்லிஸின் கையில் திணித்தாள். "நீ அந்தப் பக்கந்தானே போவ? குடுத்துடு. இல்லன்னா சாயங்காலம் வந்து நான் பட்டினி போட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பான்."

ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் பெட்டி. பெட்டி கனமாக இருந்தது. உள்ளே ஒரு ஆப்பிள் உருண்டு பக்கவாட்டில் இடித்தது.

அப்போது மாவுப் பலகைக்குப் பக்கத்தில் கோரினின் கைபேசி அதிர்ந்தது. ஒருமுறை. உடனே இன்னொருமுறை.

"யாருடா இது இந்த நேரத்துல" என்று கோரின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மார்லிஸ் முந்திக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கைபேசியின் மேல் கவிழ்த்தாள். தொப்பிக்குள் அது வண்டு மாதிரி முரலுவது கேட்டது.

"ஏய், தொப்பியை மாவுல வைக்காதடி..."

"கோரின், ஒக்காரு."

"எதுக்கு?"

"ஆர்லன் செத்துப்போயிட்டான், கோரின். பதினோராம் ரோட்டு முனையில லாரி கவுந்துடுச்சு. நான்தான் முதல்ல போனேன். என் கையால தொட்டுப் பார்த்தேன்."

சொல்ல வேண்டிய சொல்லைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போய்விட்டார் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். இத்தனை வருஷமும் அவளுக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

கோரின் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. முகத்தில் ஏற்கெனவே இருந்த சிரிப்புக்கு இறங்கிப் போக வழி தெரியவில்லை. தொப்பியைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அங்கே அவள் தட்டச்சு செய்த தாள், ஒரு பசு வடிவக் காந்தத்தின் அடியில்.

"தொப்பிக்கு ஒரு அர்த்தமும் இல்ல" என்றாள். "நான்தானே எழுதினேன்."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு இருக்கு, கோரின்."

கோரின் உட்காரவில்லை. திரும்பி மாவில் இரண்டு கையையும் வைத்தாள். இரண்டு தடவை அழுத்தினாள், மூன்றாவது தடவை அழுத்தியபடியே நின்றுவிட்டாள். அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. மார்லிஸ் போய் அணைத்தாள். தொப்பிக்குள் கைபேசி நின்று, மறுபடி முரன்றது.

"நீ நடந்து வர்றப்ப நான் சிரிச்சேன்."

"ம்."

"அண்டான்னு சொன்னேன்."

"அதை விடு."

"அப்பவே அவன் செத்துட்டானா?"

"ஆமா. முக்கால் மணி நேரம் இருக்கும்."

"முக்கால் மணி நேரமா நான் பாட்டுப் பாடிக்கிட்டு மாவு பெசஞ்சிருக்கேன்."

"அது ஒன் தப்பில்ல, கோரின்."

"தப்புன்னு நான் சொன்னேனா?" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. அவள் திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. கன்னத்தில் மாவு மட்டும் இருந்தது. "எங்கப்பா குளத்துல விழுந்து செத்தப்ப நெஸ் நடந்து வந்தாரு. நான் ஜன்னல்ல அம்மா பக்கத்துல நின்னேன். அம்மா அவரு தலையைப் பார்த்தா. ஒண்ணும் பேசல. ஏப்ரனை அவுத்தா, மடிச்சா, நாற்காலி மேல வச்சா. கையக் கழுவினா. தலைமுடியை ஒதுக்கி விட்டுக்கிட்டா. அப்புறம்தான் போய்க் கதவைத் தொறந்தா. எனக்குப் பன்னெண்டு வயசு. என்னைக்காவது எனக்கும் வந்தா நானும் அப்படித்தான் நிக்கணும்னு நெனச்சிருந்தேன். இப்பப் பாரு, கையில மாவோட, சிரிச்சுக்கிட்டு, காப்பி ஊத்திக்கிட்டு..."

மார்லிஸ் ஒரு துணியை எடுத்து அடுப்பில் வழிந்திருந்ததைத் துடைத்தாள். 

கோரின் தொப்பியைத் தூக்கினாள். அதன் விளிம்பில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். கைபேசியின் பக்கம் பார்க்கவே இல்லை. தொப்பியை மார்லிஸிடம் நீட்டினாள்.

"வெளிய போ."

"கோரின், ஒன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். ஒன் தங்கச்சி வர்றவரைக்கும்..."

"போகச் சொல்லல. கார்கிட்ட போ. போயிட்டுத் திரும்ப வா." அவள் குரல் மிகவும் தாழ்ந்துபோனது. "ஒழுங்கா வா, மார்லிஸ்."

மார்லிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

கார் அருகே நின்று அப்படியே திரும்பி நடந்தால் போதுமா என்று ஒரு கணம் யோசித்தாள். போதாது. கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். தொப்பியைப் பக்கத்து இருக்கையில் மல்லாத்தி வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.  ஸ்டீயரிங்கை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மரங்களின் ஊடே லெம்கேயின் கார் வந்தது. கோரின் தெரிந்துகொண்டுவிட்டாளா, உதவி வேண்டுமா என்று பார்க்க வந்திருக்க வேண்டும். அவர் வாசலருகே நிறுத்தி, தொப்பியோடு இறங்கினார். மார்லிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உள்ளங்கையைக் காட்டினாள். நில்லுங்கள். அவர் நின்றார். அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் கோரின் அசையாமல் நின்றாள். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தன் தொப்பியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு ஓரமாக ஒதுங்கினார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மார்லிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். தொப்பியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் தலையில் வைத்து, விளிம்பை நேராக்கினாள். நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. பழைய நடை. சரளைக்கல் காலடியில் நொறுங்கியது. தூரத்தில் பீட் லாரிகள் போகும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் கோரின் அவள் தலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். மடித்தாள். குனிந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. ஈரக் கையால் தலைமுடியை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். பிறகு ஜன்னலில் அவள் இல்லை.

மார்லிஸ் படியேறித் தட்டக் கையை உயர்த்துவதற்குள் கதவு திறந்தது. கோரின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மார்லிஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள்.

 ஏற்கெனவே முழுவதும் தெரிந்தவள், ஒன்றும் தெரியாதவள்போல, நாற்பத்தொரு பேர் கேட்டதையே கேட்டாள்.

"யாரு?"

மார்லிஸ் பெயரைச் சொன்னாள்.